ரி.எஸ்.எச் கொஞ்சம் கூட: குளிசையா, பொறுத்திருப்பதா?

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இரத்த அறிக்கையில் ரி.எஸ்.எச், அதாவது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோன், 6.8 என்று வந்திருக்கிறது. அச்சடித்திருக்கும் மேல் எல்லை 4.5. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடுத்த வரியில் ஃபிரீ ரி-4, அதாவது தைரொயிட் சுரக்கும் தைரொக்சினில் உடம்பு பாவிக்கக்கூடிய பங்கு, சரியாகவே இருக்கிறது, ஆனால் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. நட்சத்திரத்தைப் பார்த்த அம்மா, கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பாமசிக்கு நேரே வந்து, "இதுக்கு என்ன குளிசை?" என்கிறார். வைத்தியரின் துண்டு இல்லாமல் தைரொக்சின் தர முடியாது என்றால் அடுத்த கேள்வி வரும்: "அப்ப சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

குளிசையும் சும்மா இருப்பதும் மட்டும்தான் வழி என்றில்லை. உடனே தைரொக்சின் தொடங்கலாம். திகதி குறித்துப் பொறுத்திருந்து திரும்பவும் பார்க்கலாம். சாப்பாடு, சப்ளிமென்ட் என்று போகலாம். இந்த மூன்றாவது வழிக்குத்தான் இப்போது கூட்டம் அதிகம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரி.எஸ்.எச் 10க்குக் கீழே, ஃபிரீ ரி-4 சரி, கழுத்தில் வீக்கம் இல்லை, பிள்ளை ஒழுங்காக உயர்ந்து வருகிறது என்றால் இரண்டாவது வழிதான் நல்லது. ஆனால் அறிக்கையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோவதற்குப் பொறுத்திருப்பது என்று பெயர் வைக்கக்கூடாது.

அந்த வயதில் உள்ளே என்ன நடக்கிறது

ரி.எஸ்.எச் கழுத்திலிருந்து வருவதில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் அதை அனுப்புகிறது. தைரொயிட் சுணங்கினால் கூடுதலாக அனுப்பும், எழும்பாத பிள்ளையை அம்மா சத்தம் கூட்டிக் கூப்பிடுவது மாதிரி. சத்தம் கூடிவிட்டது என்பதற்காகப் பிள்ளை எழும்பவில்லை என்று ஆகாது. எழும்பியதா இல்லையா என்பதை ஃபிரீ ரி-4 தான் சொல்லும்.

பூப்புக் காலத்தில் இதே பிட்யூட்டரி இன்னும் பல வேலைகளைத் தலையில் போட்டுக்கொள்கிறது. முட்டைப்பையையும் விதையையும் தூண்டும் ஓமோன்கள், வளர்ச்சி ஓமோன் எல்லாம் அங்கிருந்துதான் போகின்றன. வளர்ச்சி வேகம் பிடிக்கும்போது தைரொயிட்டும் அளவில் கொஞ்சம் பெருக்கும். ஈஸ்ட்ரஜன் கூடும்போது இரத்தத்தில் தைரொக்சினைச் சுமந்து திரியும் புரதமும் கூடும். அதனால் 'மொத்த ரி-4' என்று அளந்தால் எண் கூடித் தெரியும், உடம்பு பாவிக்கும் அளவு மாறாமலே இருக்கும். பரிசோதனைக்கு எழுதும்போது 'ஃபிரீ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நோயெதிர்ப்புப் பக்கம் இதைவிடச் சிக்கலானது. ஈஸ்ட்ரஜன், பிறபொருளெதிரி செய்யும் பி கலங்களுக்கு உற்சாகம் கொடுக்கும். டெஸ்டொஸ்டெரோன் கொஞ்சம் அடக்கி வைக்கும். பெண்பிள்ளைகளுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. அதிலுள்ள நோயெதிர்ப்பு மரபணுக்கள் சில, அடங்கியிருக்க வேண்டிய இரண்டாவது நிறமூர்த்தத்திலும் அடங்காமல் வேலை செய்யும். தைரொயிட்டைத் தன் உடம்பே தாக்கும் நோய்கள் பூப்புக்குப் பிறகு பெண்பிள்ளைகளிடம் பல மடங்கு கூடுவதற்கு இவையெல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

ஹஷிமோட்டோ நோயில் இது இப்படி நடக்கிறது. ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த நோய் அது. ரி கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் தைரொயிட்டுக்குள் நுழைந்து இன்டர்ஃபெரோன் காமா என்ற சமிக்ஞையை விடுகின்றன. அது பட்ட தைரொயிட் கலம், இன்னும் ரி கலங்களை இழுக்கும் வேறு இரசாயனங்களைத் தானே சுரக்கத் தொடங்கும். இப்படி ஒன்று மற்றதைக் கூப்பிட, சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாக அழியும். தைரொயிட் ஓமோன் செய்ய உதவும் நொதிக்கு எதிரான பிறபொருளெதிரி, ரி.பீ.ஓ பிறபொருளெதிரி என்று அறிக்கையில் வருவது, இந்தச் சண்டை நடப்பதற்கான அடையாளம். பெரும்பாலான சேதத்தைச் செய்வது ரி கலங்கள்தான். ஆகவே 300 வந்த பிள்ளையைவிட 900 வந்த பிள்ளைக்கு நோய் மூன்று மடங்கு என்று கணக்குப் போட வேண்டாம்.

கொழும்பில் இதைப் பற்றிப் பேசும்போது பழைய தலைமுறை உடனே அயடீன் குறைபாடு என்றுதான் நினைக்கும். அதில் தப்பில்லை. நாட்டின் தென்மேற்கு ஈரவலயம் ஒரு காலத்தில் கழுத்துக் கழலைக்குப் பேர்போன இடம். 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுதும் கட்டாயமானது. அதற்குப் பிறகு பாடசாலை மாணவிகளைச் சோதித்தபோது தைரோகுளோபுலின் என்ற தைரொயிட் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி எதிர்பார்த்ததைவிடப் பலரிடம் இருந்தது. சில வருடம் கழித்துப் பார்த்தபோது அது இறங்கியிருந்தது. அயடீன் குறைந்தாலும் சுரப்பிக்குப் பிரச்சினை, திடீரென்று கூடினாலும் நோயெதிர்ப்புத் தொகுதி கொஞ்சம் துள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வழிக்கு வரும்போது தேவைப்படும்.

முதலில், அந்த எண் உண்மைதானா?

காய்ச்சலோடு எடுத்த இரத்தத்தை நம்ப வேண்டாம். டெங்கு மாதிரி ஒன்று வந்து உடம்பு போராடும்போது, அழற்சிச் சமிக்ஞைகள் தைரொயிட் ஓமோனைத் தற்காலிகமாக இறக்கிவிடும். தேறி வரும் நாட்களில் ரி.எஸ்.எச் எல்லையைத் தாண்டி ஏறி, பிறகு தானே இறங்கும். "காய்ச்சல் விட்டு பத்து நாள்தான், இன்னும் சோர்வாக இருக்கிறாள்" என்று எடுத்த அறிக்கைகள் எங்கள் கவுண்டருக்கு நிறைய வரும். அவசரக் காரணம் எதுவும் இல்லை என்றால் நன்றாகத் தேறிய பிறகு எடுத்திருக்கலாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் குளிசையோ ஜெலி மிட்டாயோ சாப்பிடுகிற பிள்ளை என்றால், இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னரே நிறுத்த வேண்டும். பல ஆய்வுகூட முறைகளில் பயோட்டின் எண்ணைப் பிழையாகக் காட்டும். ரி.எஸ்.எச் இரவில் ஏறிப் பகலில் இறங்குவது. காலையில் எடுத்ததை மாலையில் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது. ஆய்வுகூடத்தையும் மாற்றாதீர்கள்.

அப்புறம் எடை. இந்த இடத்தில்தான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள். பிள்ளை குண்டாகிறாள், ரி.எஸ்.எச் 6, ஆகவே தைரொயிட்டால்தான் குண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல வேளைகளில் கதை மறுபக்கம்: கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் மேலே போய் ரி.எஸ்.எச்சைக் கொஞ்சம் கூட்டிவிடும். எடை இறங்கினால் எண்ணும் இறங்கும். இதைப் பிரித்தறிய வைத்தியர்கள் பார்ப்பது உயரத்தை. தைரொயிட் உண்மையிலேயே படுத்துவிட்ட பிள்ளை குண்டாவதோடு வளராமலும் நின்றுவிடும். வகுப்பில் உயரமானவளாகவும் பருமனானவளாகவும் இருப்பவளுக்குத் தைரொயிட் காரணமாக இருப்பது அரிது. அவளுக்குத் தைரொக்சின் கொடுத்து மெலிய வைக்க நினைப்பது வீண்வேலை, கூடக் கொடுத்தால் கெடுதலும்தான்.

கட்டுக்கட்டாகத் 'தைரொயிட் பெக்கேஜ்' எடுப்பதைவிட, பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தைத் தேடி எடுப்பது பெறுமதியானது. சின்னதில் கிளினிக்கில் எழுதியது, பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் எழுதியது, வீட்டுச் சுவரில் பென்சிலால் கீறியது எல்லாம் சரி. பூப்புக்கு முன் வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர் வளர வேண்டும். வேகம் பிடிக்கும் வருடத்தில் 8, 9 வரும். போன வருடம் 2 சென்ரிமீற்றர்தான் என்றால், ரி.எஸ்.எச் 6 என்றாலும் வைத்தியர் அதை வேறு கண்ணால் பார்ப்பார். பெரியபிள்ளையாகி இரண்டு மூன்று வருடம் ஆனவளுக்கு இந்த அளவுகோல் உதவாது, அவள் வளர்ந்து முடியப்போகிறாள். அங்கே மாதவிடாய் அளவுக்கு மீறிப் போகிறதா, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, இரத்தச்சோகை இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

குளிசை தொடங்கினால்

குளிசை வேண்டியவர்களுக்கு அதில் தாமதமே கூடாது. ரி.எஸ்.எச் 10க்கு மேல் நிற்கிறது, ஃபிரீ ரி-4 இறங்கிவிட்டது, உயரம் நின்றுவிட்டது, கழுத்தில் சுரப்பி பருத்துத் தெரிகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே பொறுத்திருப்பதைப் பற்றிய என் வாதம் அடிபட்டுப் போகும். இளம்பருவத்தில் தைரொயிட் குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் உயரம் போகும், பூப்புப் பிந்தும். பிந்தும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அரிதாக மறுபக்கமும் நடக்கும். ரி.எஸ்.எச் மிக உச்சத்துக்குப் போனால் அது முட்டைப்பையைத் தூண்டும் ஓமோன் வந்து ஒட்டும் இடத்திலும் போய் உட்காரும். ஏழெட்டு வயதில் இரத்தப்போக்கு, ஆனால் பிள்ளை வளரவேயில்லை என்றால் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பார்க்கும் முன்னர் ரி.எஸ்.எச் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளை வான் விக், கிரம்பாக் என்ற வைத்தியர்கள் 1960இல் விவரித்தார்கள்.

தைரொக்சின் பயப்பட வேண்டிய மருந்தில்லை. உடம்பு செய்வதையே குளிசையாகத் தருகிறோம், அவ்வளவுதான். தொடங்கினால் வாழ்நாள் முழுதும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இலேசான குறைபாட்டுக்குத் தொடங்கியவர்களில், வளர்ச்சி முடிந்த பிறகு வைத்தியர் நிறுத்திப் பார்ப்பதுண்டு. தேவையில்லாமல் தொடங்குவதில் உள்ள கஷ்டம் வேறு. அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, பரீட்சை நேரத்தில் பிள்ளை கையும் காலும் ஓடாமல் அல்லது அளவுக்கு மீறி ஓடிக்கொண்டு இருக்கும். நீண்ட நாள் கூடினால் எலும்பின் வயது முந்திவிடும். அதோடு, 'நான் நோயாளி' என்ற எண்ணத்தைப் பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். இது அறிக்கையில் வராத செலவு.

பிறகு அந்தக் காலை நேரம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. கொழும்பில் ஸ்கூல் வான் ஆறு மணிக்கு ஹோர்ன் அடிக்கும். ஒரு கையில் சப்பாத்து, மற்றக் கையில் பால் தேத்தண்ணி, அதே வாய்க்குள் குளிசை. பால்மாவிலுள்ள கல்சியமும் தேயிலையும் சேர்ந்து மருந்தை உறிஞ்ச விடாது. அடுத்த பரிசோதனையில் ரி.எஸ்.எச் இறங்கவில்லை என்று வைத்தியர் அளவைக் கூட்டுவார். பிறகு விடுமுறையில் பிள்ளை ஒழுங்காக எழும்பிச் சரியாகக் குடித்தால் அளவு மிஞ்சும். காலை சரிவராத வீடுகளில், இராச்சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது குடிக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பலருக்கு அது ஒத்துவரும். ரியூசன் முடிந்து பத்து மணிக்குச் சாப்பிடுகிற பிள்ளைக்கு அதுவும் வராது என்பது வேறு கதை.

பாடசாலையில் கிழமைக்கு ஒருமுறை தரும் இரும்புச்சத்துக் குளிசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரும்பு, கல்சியம் இரண்டுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் நான்கு மணி நேரம் வேண்டும். காலையில் தைரொக்சின் குடித்த பிள்ளை இரும்புக் குளிசையை மத்தியானச் சாப்பாட்டோடு எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. சோயா மீற்றும் உறிஞ்சலைக் குறைக்கும். விட்டுவிடத் தேவையில்லை, குளிசை நேரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒரு நாள் தவறினால் உலகம் கவிழாது, தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். அதே காரணத்தால் அளவு மாற்றி ஆறு முதல் எட்டு கிழமை போகாமல் திரும்பச் சோதிப்பதில் பிரயோசனமில்லை. அரச வைத்தியசாலையில் கடதாசி உறையில் போட்டுத் தரும் குளிசையை வீட்டுக்கு வந்ததும் இருண்ட நிறப் போத்தலுக்கு மாற்றுங்கள். கொழும்பின் ஈரப்பதமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது.

சப்ளிமென்ட் என்ற வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நான் விற்கிற பொருளைப் பற்றி என்றாலும். கடற்பாசிக் குளிசை வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதும். கடற்பாசியில் எவ்வளவு இருக்கிறது என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும். அயடீன் அளவுக்கு மீறினால் தைரொயிட் வேலையை நிறுத்தும் என்பதை வுல்ஃப், சைக்கோஃப் இருவரும் 1948இல் எலிகளில் காட்டினார்கள். நல்ல சுரப்பி சில நாளில் அதிலிருந்து மீண்டுவிடும். ஹஷிமோட்டோ பிடித்த சுரப்பிக்குப் பலவேளை மீளத் தெரியாது, இலேசான குறைபாடு முழுக் குறைபாடாகிவிடலாம்.

செலினியம் பெரியவர்களில் பிறபொருளெதிரியின் எண்ணைக் கொஞ்சம் இறக்கியதாக ஆய்வுகள் உண்டு. எண் இறங்கியதால் பிள்ளைக்குக் குளிசை தேவைப்படாமல் போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கூடினால் முடி கொட்டும், எந்த முடிக்காக வாங்கினார்களோ அதே முடி. கோதுமையை நிறுத்துவது, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் என்ற குடல் நோய் நிரூபிக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டும். சாப்பாட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுப்பர்மார்க்கட்டில் அழகாக இருக்கிறதென்று வாங்கிய இமாலய இளஞ்சிவப்பு உப்பை விட்டு, அயடீன் சேர்த்த சாதாரண உப்புக்குத் திரும்புங்கள். மூடி வையுங்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

எங்கே காட்டுவது

பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கும் நகரத்தில் இருந்துகொண்டு, பலர் வருடக்கணக்காக மாலையில் தனியார் இடங்களில் காசு கட்டி வைத்தியரைச் சனல் பண்ணியே திரிகிறார்கள். சனலின் வசதி தெரிந்ததுதான்: பாடசாலை விடுப்பு வேண்டாம், வைத்தியரைத் தெரிவுசெய்யலாம், தமிழில் பேசக்கூடியவரையும் தேடலாம். சிங்களம் அவ்வளவு வராத அம்மாமாருக்கு இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர், வேறு ஆய்வுகூடம் என்று போனால் பிள்ளையின் உயரத்தை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாமல் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை ஒரு தனியார் இடத்தில் நான்கு முறை காட்டியிருந்தார்கள், ஒருமுறைகூட உயரம் அளக்கப்படவில்லை. அரச கிளினிக்கில் காலையே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு பாடசாலை நாள் போகும், 2022க்குப் பிறகு மருந்து இல்லாத மாதங்களும் இருந்தன. ஆனால் கிளினிக் கொப்பி ஒன்றில் எடை, உயரம், அளவு எல்லாம் வரிசையாக இருக்கும். வளரும் பிள்ளைக்கு அந்தக் கொப்பிதான் வைத்தியம். முதல் பரிசோதனையை வெளியில் அவசரமாக எடுத்துவிட்டு, தொடர்ந்து காட்டுவதைக் கிளினிக்கில் வைத்துக்கொள்வதே என் தெரிவு. கிளினிக்குக்கு ஒரு கடிதம் வேண்டும், அதைச் சனல் பண்ணிய வைத்தியரிடமே கேட்டு வாங்கலாம்.

இங்கே சொன்ன பொறுமை ரி.எஸ்.எச் கூடியவர்களுக்கு மட்டும். அது 0.01 என்று அடியில் கிடந்து, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, கை நடுங்கி எழுத்துக் கோணலாகிப் போனால் அது தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். அதற்குத் தரும் காபிமசோலில் ஒரு விஷயம் இந்த ஊருக்கு முக்கியம்: அரிதாக வெண்குருதிக் கலங்களை ஆபத்தான அளவுக்கு இறக்கும். தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் டெங்கு என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குளிசையை நிறுத்தி அன்றே முழு இரத்தக் கணக்கு எடுக்க வேண்டும், குளிசையின் பெயரையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கழுத்தில் தனிக் கட்டி ஒன்று தட்டுப்பட்டாலும் பொறுக்க வேண்டாம். பிள்ளைகளின் தைரொயிட் கட்டியில் புற்றுநோய் வாய்ப்பு பெரியவர்களைவிடக் கூட, ஸ்கான் செய்தே ஆக வேண்டும். கட்டி இல்லாதவர்களுக்கு ஸ்கான் பெரும்பாலும் காசுக்குக் கேடு.

மற்றவர்கள் 6.8ஐக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதத்தில் ஒரு திகதியைக் குறியுங்கள். பாடசாலை விடுமுறை கிட்ட இருந்தால் அதைப் பிடியுங்கள். அன்று காலை, அதே ஆய்வுகூடத்தில் ரி.எஸ்.எச், ஃபிரீ ரி-4, இதுவரை பார்க்கவில்லை என்றால் ரி.பீ.ஓ. இறங்கியிருந்தால், பிறபொருளெதிரியும் இல்லையென்றால் கதை முடிந்தது. அங்கேயே நிற்கிறது, பிறபொருளெதிரி இருக்கிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உயரத்தோடு சேர்த்து. முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளை, குடும்பத்தில் பலருக்குத் தைரொயிட் உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனமாக. ரி.பீ.ஓவை ஒருமுறை பார்த்தால் போதும். அது ஏறியது இறங்கியது என்று ஒவ்வொரு முறையும் காசு கட்டிப் பார்க்கும்படி உங்களிடம் யாராவது சொன்னால், அதை வைத்து எந்த முடிவை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.